வாசகர் கேள்வி: வீட்டு ஜெபக்குழு நடத்துவது எப்படி?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் தெருவில் ஆறு குடும்பங்கள் சேர்ந்து ஜெபக்குழு தொடங்குகிறோம். நடத்தும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. பழக்கமில்லை. எப்படிக் கொண்டுபோவது?

பதில்: முதலில் சபை ஆயரிடம் சொல்லிவிடுங்கள், போட்டிக் கூட்டம் என்ற பேச்சு எழாது. ஒரு மணி நேரம் போதும்: பாட்டு 10 நிமிடம், வேத வாசிப்பும் பேச்சும் 20, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்ற விண்ணப்பம் கேட்க 10, ஜெபம் 20. முதல் வாரம் சங்கீதம் 23. ஆறே வசனம், வீட்டுக்கு ஒன்றாக வாசிக்கலாம். பிறகு மாற்கு சுவிசேஷம், மொத்தம் 16 அதிகாரம்.

குழு தடுமாறுவது பெரும்பாலும் விண்ணப்ப நேரத்தில்தான். ஒருவர் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால் அரை மணி ஓடிவிடும், ஜெபிக்க நேரமிருக்காது. ஆளுக்கு இரண்டு வரி என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் அதைப் பார்த்து விசாரியுங்கள். அங்கே கேட்ட வீட்டு விஷயம், 'ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்' என்ற பெயரில்கூட வெளியே போகக் கூடாது. கூச்சப்படுபவரைப் பெயர் சொல்லி ஜெபிக்க அழைக்காதீர்கள்; ஒரு வரியில் நீங்களே ஜெபித்துக் காட்டுங்கள்.

டீ, பிஸ்கட்டோடு நிறுத்துங்கள். ஒரு வீட்டில் வடை வந்தால் அடுத்த வீட்டுக்காரர் கூட்டம் வைக்கவே தயங்குவார். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் ஆட்கள் களைத்து வருவார்கள். முக்கால் மணியில் முடித்துவிடுங்கள்.