தாடியஸ் ஸ்டீவன்ஸ்: கேள்வி பதில்

லிங்கனைத் தெரியும். இந்த ஸ்டீவன்ஸ் யார் சார்?

பென்சில்வேனியாவின் லான்காஸ்டரிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். பிறந்தது 1792-ல், வெர்மான்ட் மாநிலத்தில். பிறவியிலேயே ஒரு கால் ஊனம். செருப்புத் தைக்கும் தொழிலாளியான அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மாதான் பாடுபட்டுப் படிக்க வைத்தார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் சபையின் நிதிக் குழுவுக்கு இவர்தான் தலைவர். 1862-ல் தங்கத்தின் ஆதரவு இல்லாமல் அச்சடித்த 'கிரீன்பேக்' நோட்டுகளுக்கான சட்டத்தைச் சபையில் நிறைவேற்றிக் கொடுத்ததும் இவரே. போருக்குப் பணம் வேண்டுமே!

ஆரம்பத்திலிருந்தே அடிமை முறையை எதிர்த்தாரா?

இல்லை. இளம் வக்கீலாக 1821-ல் அடிமை உரிமையாளருக்காகவே வாதாடினார். ஆறு மாதம் பென்சில்வேனியாவில் இருந்த அடிமைக்கு விடுதலை என்பது அங்கே சட்டம். சாரிட்டி பட்லர் என்ற பெண், தான் அங்கே தங்கிய நாட்களையெல்லாம் கூட்டினால் ஆறு மாதம் ஆகிறது என்றார். ஸ்டீவன்ஸோ, இடைவெளி இல்லாமல் ஒரே தடவையில் தங்கியிருக்க வேண்டும் என்று வாதிட்டு ஜெயித்தார். அந்தத் தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள். அவர் வாழ்க்கையில் எனக்கு ஜீரணிக்க முடியாத இடம் இதுதான். அப்புறம் முழுதாக மாறிவிட்டார். 1838-ல் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைப் பறித்த மாநில அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். ஓடிவந்த அடிமைகளுக்காகக் கோர்ட்டில் நின்றார்.

விட்டுக்கொடுக்கவே மாட்டாராமே?

பேச்சில்தான் அப்படி. ஓட்டெடுப்பு என்று வந்தால் கணக்குப் போடத் தெரிந்தவர். 1865 ஜனவரியில், அடிமை முறையை ஒழிக்கும் 13-வது அரசியல் சட்டத் திருத்தத்தின் விவாதத்தின்போது, எல்லா விஷயத்திலும் சமத்துவம் என்று சொல்லவில்லை, சட்டத்தின் முன் சமத்துவம் என்றுதான் சொல்கிறேன் என்றார். தயங்கிக்கொண்டிருந்தவர்களைப் பயமுறுத்தக் கூடாதல்லவா? திருத்தம் 119-க்கு 56 என்று நிறைவேறியது. மறு வருடம், கறுப்பினத்தவருக்குக் குடியுரிமையும் சட்டப் பாதுகாப்பும் தரும் 14-வது திருத்தம் அவர் கேட்ட அளவுக்கு வரவில்லை, ஓட்டுரிமையை நேரடியாகத் தரவில்லை. ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்ற கேள்விக்கு அவரே சபையில் சொன்ன பதில்: நான் வாழ்வது மனிதர்கள் நடுவே, தேவதைகள் நடுவே அல்ல.

போரில் அவருக்கு ஏதாவது இழப்பு உண்டா?

உண்டு. 1863-ல் தென்மாநிலத் தளபதி ஜூபல் எர்லி, ஸ்டீவன்ஸின் கலிடோனியா இரும்பு ஆலையைக் கொளுத்தினார். அவருடைய அரசியலுக்குக் கிடைத்த தண்டனைதான் அது.

லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதி ஜான்சனைப் பதவியிலிருந்து இறக்கப் பார்த்தாரே, என்ன ஆனது?

1868 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை 126-க்கு 47 என்று குற்றம் சாட்டியது. செனட்டில் 35-க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு 36 வேண்டும். ஒரே ஓட்டில் ஜான்சன் பிழைத்தார். அப்போது ஸ்டீவன்ஸுக்கு உடம்பு அவ்வளவு முடியவில்லை, நாற்காலியில் வைத்துத்தான் தூக்கி வருவார்கள். அந்த ஆகஸ்டிலேயே இறந்தார். இறந்த பிறகும் லான்காஸ்டர் குடியரசுக் கட்சிக்காரர்கள் மரியாதைக்காக அவரையே வேட்பாளராக அறிவித்தார்கள்!

அவர் ஆசைப்பட்டு நடக்காதது எது?

நிலம். தென்மாநிலப் பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் கொடுத்துவிட்டு, மிச்சத்தை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம் என்றார். சொந்தக் கட்சியிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கக் கை தூக்கியவர்கள், அடுத்தவன் சொத்து என்றதும் கையைக் கீழே போட்டுவிட்டார்கள்.