பொடியனை ஏன் நிறுத்தினீர்?

கேள்வி: எனக்கு 48 வயது. சுன்னாகத்தில் மோட்டர் வைண்டிங் கடை, அதாவது கருகிய மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை, வைத்திருக்கிறேன். 1992இல், அப்பா இறந்து ஒரு மாதத்தில், அம்மா என்னைக் கூட்டிக்கொண்டுபோய், தொழில் பழக, மோட்டர் திருத்துகிற அண்ணை ஒருவரிடம் விட்டா. எனக்குத் தொழில் தந்தவரும் என்னை மனிதனாக்கியவரும் அவர்தான். போன தை மாதம் சலரோகம் முற்றி மோசம் போய்விட்டார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "ஒவ்வொரு நாளையும் மதிச்சு நட" என்று சொன்னார். அன்றுமுதல் விடிய நாலரைக்கு எழும்புகிறேன். அன்றன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை ஒரு கொப்பியில் எழுதுகிறேன். கடையில் அவருடைய பெரிய படத்துக்கு மாலையும் விளக்கும் போட்டிருக்கிறேன். அவருடைய நினைவுப் புத்தகமான கல்வெட்டையும் நான்தான் அடிப்பித்தேன். அவருடைய கணக்குக் கொப்பியைப் பட்டுத்துணியில் சுற்றிச் சாமியறையில் வைத்திருக்கிறேன். சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் குறைவில்லை. ஆனாலும் நாட்கள் வெறுமையாகப் போகின்றன. கடையில் பழகிக்கொண்டிருந்த பொடியனையும் வைகாசியில் நிறுத்திவிட்டேன். ஒரு மோட்டரைக் கருக்கிவிட்டான், எனக்கு இப்போது பொறுமை இல்லை. அண்ணை சொன்னபடி நாட்களை மதித்து வாழ நான் இன்னும் என்ன செய்யவேண்டும்?

(கடிதம் நீளமானது, சுருக்கித் தந்திருக்கிறோம்.)

பதில்: தம்பி, உம்முடைய கடிதம் ஏழு பக்கம். அண்ணையின் படத்துக்கு ஒரு பக்கம், கல்வெட்டுக்கு ஒரு பக்கம், விடிய எழும்புவதற்கு ஒரு பக்கம் என்று கொடுத்திருக்கிறீர். பழக வந்த பொடியனை நிறுத்தியதற்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியைப் பற்றித்தான் நான் கதைக்கப்போகிறேன்.

இப்படியான கடிதங்கள் எனக்கு அடிக்கடி வரும். படிப்பித்த வாத்தியார் போய்விட்டார், வளர்த்த பெரியப்பா போய்விட்டார், அவர் நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். நல்ல மனம் உள்ளவர்கள்தான் எழுதுகிறார்கள். ஆனால் உயிரோடு வாசலில் வந்து நிற்கிற ஆளைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. உம்முடைய கடை வாசலில் அந்தப் பொடியனின் தாய் இரண்டு தரம் வந்து நின்றிருக்கிறா. ஏழாலையிலிருந்து வந்தவ. "இப்ப வேலை குறைவு அம்மா" என்று சொல்லி அனுப்பினதாக எழுதியிருக்கிறீர். அடுத்த பக்கத்திலேயே, தோட்டக்காரரின் மோட்டர்கள் குவிந்து கிடந்ததால் வைகாசியும் ஆனியும் இரவு ஒன்பது மணிவரை கடையில் நின்றேன் என்றும் எழுதியிருக்கிறீர். இருக்கத்தானே வேண்டும்? எங்கள் பக்கம் அது இறைப்புக் காலம். கிணறும் மோட்டரும் இல்லாமல் வலிகாமத்துச் செம்மண்ணில் கோடையில் வெங்காயம் நிற்காது. அப்ப, அந்தத் தாய்க்கு நீர் சொன்னது பொய். மாலையும் விளக்கும் போட்ட அண்ணையின் படத்துக்குக் கீழே நின்று சொன்ன பொய்.

உம்முடைய அம்மா 1992இல் அண்ணையிடம் போய்க் கேட்டபோது அவருக்கும் வேலை குறைவுதான். உண்மையாகவே குறைவு.

அந்தக் காலத்தில் அண்ணை உம்மை எப்படி வைத்திருந்தார் என்று நீரே எழுதியதை உமக்குத் திருப்பிச் சொல்கிறேன். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. யுத்தம், பொருளாதாரத் தடை. பற்றரி வராது, எரிபொருள் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டது சனம். மோட்டர் சைக்கிளும் தண்ணி இறைக்கிற மெசினும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் வேண்டும். அந்தச் சில துளியைச் சின்னப் போத்திலில் விட்டு, பிள்ளைகளின் கை படாத இடத்தில் வைப்பார்கள். அண்ணையின் கொட்டிலில் இருந்த அந்தப் போத்திலை, 15 வயதில், முழங்கையால் தட்டி ஊற்றியவர் நீர். அண்ணை அடித்தாரா? போ வீட்டுக்கு என்றாரா? சீலைத் துண்டொன்றை எடுத்துத் தந்து, "ஒத்தி எடு, பிழிஞ்சு பார்" என்றாராம். கொஞ்சம்தான் தேறியது. அடுத்த நாள் மெசின் ஒன்று வந்தபோது, தேறிய அந்தக் கொஞ்சத்தை உம்முடைய கையில் தந்து, "நீயே விடு" என்றாராம்.

இதை எழுதும்போது அழுகை வந்தது என்கிறீர். வரும். எனக்கே வாசிக்கும்போது நெஞ்சடைத்தது. ஆனால் தம்பி, போத்திலை ஊற்றிய பொடியனுக்கு அடுத்த நாள் ஒன்று இருந்தது. மோட்டரைக் கருக்கிய பொடியனை அன்று பின்னேரமே சைக்கிளில் ஏற்றி அனுப்பிவிட்டீர்.

அந்த மோட்டர் ஏன் கருகியது என்றும் கேட்கவேண்டும். சுற்று எண்ணிக்கையில் குறைய விட்டுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர். சுற்றுக் குறைந்தால் கம்பியில் கரண்ட் கூடும், சூடேறும், கருகும். உமக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 17 வயதுப் பொடியன் எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு போன் வந்தால் போதும், எண்ணிக்கை தப்பிவிடும். அதற்காகத்தான் அண்ணை ஒரு முறை வைத்திருந்தார்: எரிந்த கொயிலை வெட்டி எடுத்ததும் கம்பிகளைத் தானும் எண்ணுவார், உம்மையும் தனியாக எண்ணச் சொல்லுவார், இரண்டு கணக்கும் ஒத்துவந்தால்தான் புதுக் கம்பியில் கை வைக்கலாம். இதுவும் உம்முடைய கடிதத்தில்தான் இருக்கிறது, ஐந்தாம் பக்கத்தில். அன்று பொடியனோடு இருந்து நீர் எண்ணினீரா? அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

எந்த மோட்டருக்கு எத்தனை சுற்று, என்ன தடிப்புக் கம்பி, இணைப்பு எப்படி என்று வருஷக்கணக்காக அண்ணை எழுதிவைத்த கொப்பியோ பட்டுத்துணிக்குள் இருக்கிறது. எண்ணெய்க் கையோடு பக்கம் புரட்டுவதற்காக அவர் எழுதிய கொப்பி அது. அதைப் பூட்டிவைத்தவர் நீர். அது இல்லாமல் வேலை செய்து பிழை விட்டவனுக்கு மட்டும் தண்டனை. இது நியாயமா என்று அந்தப் படத்தைப் பார்த்தே கேளும்.

"பொறுமை இல்லை" என்கிறீர். பெருந்துக்கம் வந்த வீட்டில் பொறுமை குறையும், எனக்கு விளங்கும். அதற்காகக் கோபத்தை எல்லாம் அந்த வீட்டில் மிகச் சின்னவனின் தலையில் இறக்கலாமா? உம்மோடு சரிக்குச் சரி கதைக்கக்கூடிய ஒரு வாடிக்கையாளரை அன்று அப்படி அனுப்பியிருக்க மாட்டீர்.

இனி உம்முடைய கேள்விக்கு வருகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையில் ஆமி நெருங்கி வர, வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. லட்சக்கணக்கான சனம், கொட்டுகிற மழை, அடி எடுத்துவைக்க இடமில்லை. குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணீர் குடித்தவர்கள் இருக்கிறார்கள். நீரும் அண்ணையும் அவருடைய குடும்பமும் கைதடியில் ஒரு மாமரத்துக்குக் கீழே ஒதுங்கினதாக எழுதியிருக்கிறீர். வீடு இருக்கிறதா என்று தெரியாது. திரும்பிப் போவோமா என்று தெரியாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அண்ணை ஒரு சாக்கை விரித்து, கொண்டுவந்த குறட்டையும் ஸ்குரூ டிரைவரையும் வைத்து, ஆருடையதோ ஒரு சைக்கிள் டைனமோவைக் கழற்றி, "இதைத் திருப்பிப் பூட்டு பாப்பம்" என்று உம்மிடம் தந்தார். நாளை என்பதே இல்லாத ஒரு நாள் அது. அதை அவர் உமக்குக் கொடுத்தார். அவர் ஒரு கொப்பியிலும் மூன்று நல்ல விஷயம் எழுதவில்லை. மதிச்சு நட என்று அவர் சொன்னது இதைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உமக்குச் செய்து காட்டியதைத்தான் கடைசியில் வாயால் சொல்லியிருக்கிறார்.

நீர் விடிய நாலரைக்கு எழும்பி அந்த நாளை யாருக்குக் கொடுக்கிறீர்? மாலை மாற்றுகிறீர், விளக்கேற்றுகிறீர், கொப்பி எழுதுகிறீர், பிறகு இரவு ஒன்பது மணிவரை தனியாக இருந்து கம்பி சுற்றுகிறீர். வெறுமையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. அண்ணை போன பிறகும் நீர் அவருக்குப் பிள்ளையாகவே இருக்கப் பார்க்கிறீர். அந்த இடம் உமக்கு முடிந்துவிட்டது. தொழில் பழக்குகிறவர் தகப்பன் ஸ்தானம் என்பதை நான் உறுதியாக நம்புகிறவள். அந்த ஸ்தானம் தை மாதத்திலிருந்து உம்முடையது. மூத்தவர் போனால் அடுத்தவர் அந்தக் கதிரையில் இருந்துதான் ஆகவேண்டும். குடும்பத்திலும் அப்படித்தான், தொழிலிலும் அப்படித்தான். இருக்க மனமில்லாமல் கதிரைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தால், கீழே நிற்கிற பிள்ளைகளை ஆர் பார்ப்பது? இண்டைக்கு ஊரில் ஓ.எல். சோதனை எழுதிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் சந்தியில் நிற்கிற பொடியள் எத்தனை பேர்? போதைமருந்து விற்கிறவன் அவர்களைத் தேடி வருகிறான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பக் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டுகிற வீடுகளும் உமக்குத் தெரியும். அந்தத் தாய் உம்மிடம் சம்பளத்துக்காக மட்டும் இரண்டு தரம் வந்திருப்பா என்று நினைக்கிறீரா?

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஏழாலைக்குப் போம். ஆள் அனுப்பவேண்டாம், போனில் கதைக்கவேண்டாம். சுன்னாகத்திலிருந்து சைக்கிளிலேயே போகிற தூரம். முதலில் தாயோடு கதையும். வேலை குறைவு என்று சொன்னது பொய், பிழை என்னுடையது என்று அந்தச் சொற்களிலேயே சொல்லும். பொடியனுக்கு முன்னால் சொல்லும். சம்பளம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வீட்டுக்கு விடுவீர் என்பதையும் தாயிடம் அங்கேயே கதைத்து முடியும். ஒன்பது மணி வரை வைத்திருக்கிற வேலை அவனுக்கு வேண்டாம்.

அவன் வந்ததும் கருகிய அந்த மோட்டரையே மேசையில் வையும். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருந்தால் அதே மாதிரி இன்னொன்றை எடும். கொயிலை வெட்டி இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணுங்கள். அண்ணையின் கொப்பியைச் சாமியறையிலிருந்து எடுத்துவந்து மேசையில் விரித்து வையும். பட்டுத்துணியை வீட்டில் விட்டுவிட்டு வாரும். அண்ணையின் கையெழுத்துக்குக் கீழே அவன் தன்னுடைய கணக்கை எழுதட்டும். பொறுமை வந்த பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதேயும். பிழை விடுகிற ஒரு பிள்ளை பக்கத்தில் இல்லாமல் பொறுமை ஆருக்கும் பழகாது.

கல்வெட்டு அடித்தது நல்லது, அண்ணையின் வீட்டுக்கு மாதாமாதம் காசு கொடுப்பது அதைவிட நல்லது, அதை நிறுத்தவேண்டாம். தையில் வருகிற திவசத்துக்கு 200 பேருக்குச் சாப்பாடு என்று திட்டம் போட்டிருக்கிறீர். 50 பேருக்குப் போதும். மிச்சக் காசில் அந்தப் பொடியனுக்கு ஒரு நல்ல மல்டிமீற்றரும் ஒரு செற் குறடும் வாங்கிக் கொடும்.

பொடியன் இப்போது வேறு கடையில் சேர்ந்திருக்கலாம். வரமாட்டேன் என்றும் சொல்லலாம். அப்படிச் சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு, வற்புறுத்தவேண்டாம். ஆனாலும் தாயிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் திரும்ப வேண்டாம். பிறகு வேறொரு பொடியனைத் தேடி எடும். திவசத்துக்கு முதல் உம்முடைய கடையில் பழகுகிற பொடியன் ஒருவன் நிற்கவேண்டும்.