மகளின் முதல் நன்மைக்கு நான் போகலாமா?

கேள்வி: நான் பிறப்பில் மெதடிஸ்த திருச்சபை. கணவர் கத்தோலிக்கர். கல்லடியில் அம்மா எனக்குத் தந்த வீட்டில் இருக்கிறோம். நத்தாருக்கு அவர் என்னோடு எங்கள் ஆலயத்துக்கு வருவார், நானும் அவரோடு பூசைக்குப் போவேன். மாமியின் 31ஆம் நாள் பூசையில் எல்லாரும் நன்மை, அதாவது பூசையில் ஃபாதர் கொடுக்கும் நற்கருணை அப்பம், வாங்க எழும்ப, நானும் எழும்பினேன். மச்சாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "மெதடிஸ்த ஆக்கள் எடுக்கப்படாது, இருங்க" என்றார். பின்வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அடுத்த மாதம் மகள் முதல் தடவையாக அதை வாங்கும் முதல் நன்மை. அன்று வீட்டிலேயே நின்றுவிடவா? இல்லை, ஃபாதருக்கு என்னைத் தெரியாதுதானே என்று பேசாமல் போய் வாங்கிவிடவா? எல்லாரையும் ஒன்றாக்கும் விருந்து என்கிறார்கள். எங்கள் வீட்டை அதுதான் பிரிக்கிறது.
வாசகி, கல்லடி

பதில்: தங்கச்சி, வீட்டிலும் நிற்க வேண்டாம், களவாகப் போய் வாங்கவும் வேண்டாம். பிள்ளையின் முதல் நன்மைக்குத் தாய் இல்லாமல் எப்படி?

மச்சாள் சொன்ன விஷயம் பொய் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி நற்கருணை பொதுவாகக் கத்தோலிக்கருக்கே. மரண ஆபத்து போன்ற பெரும் தேவைகளில் மட்டும், சில நிபந்தனைகளோடு மற்றச் சபையாருக்கும் கொடுக்கலாம். ஒரே பந்தியில் உண்பது ஏற்கெனவே ஒன்றாய் இருப்பதன் அடையாளம், பிரிவு தீராமல் பந்தியை மட்டும் ஒன்றாக்குவது உண்மையாகாது என்பது அவர்கள் நியாயம். உங்கள் சபையின் நியாயம் வேறு. பந்தி ஆண்டவருடையது, அவரில் அன்புள்ளவர்கள் வரலாம் என்று கூப்பிடுவார்கள். ஆனால் நத்தார் ஆராதனையில் இராப்போசனம் (உங்கள் சபையில் நற்கருணைக்குச் சொல்லும் பெயர்) கொடுக்கும்போது உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? உங்கள் போதகர் கூப்பிட்டாலும், போகக்கூடாது என்பதுதான் அவருடைய சபையின் ஒழுங்கு. அதைக் கைக்கொள்கிறவர் என்றால், நீங்கள் பூசையில் இருப்பது போலத்தான் அவர் உங்கள் ஆலயத்தில் இருக்கிறார்.

உங்கள் கேள்வியை உரோமையிலும் ஒரு பெண் கேட்டிருக்கிறார். 2015 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்குள்ள லூத்தரன் என்ற சீர்திருத்தச் சபையின் ஆலயத்துக்குப் போனபோது, கத்தோலிக்கரை மணந்த ஒரு லூத்தரன் பெண் எழுந்து, கணவரோடு சேர்ந்து நற்கருணை வாங்க முடியாத வேதனையைச் சொன்னார். பாப்பரசர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆண்டவரோடு பேசி முன்னே போங்கள், இதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்ற கருத்தில் முடித்துக்கொண்டார். பாப்பரசரே தயங்கிய இடத்தில் மச்சாளுக்கு ஒரு நொடியும் தயக்கம் இல்லை! சரி, அதை விடுவோம்.

ஒன்றாக்கும் விருந்து என்ற பேச்சுக்கு வருகிறேன். அப்பம் ஒன்றே, அதில் பங்குபெறுவதால் பலராகிய நாம் ஒரே உடல் என்று எழுதியவர் பவுல், கொரிந்து சபைக்கான முதல் கடிதத்தின் 10ஆம் அதிகாரத்தில். அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். அந்தச் சபையின் பந்தியில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், ஒருவன் பசியோடு இருக்க இன்னொருவன் குடித்து வெறித்தான். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் சீறுகிறார். தகுதியில்லாமல் உண்பது பற்றிய எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த வசனத்தை மட்டும் தனியே பிடுங்கி மற்றவர்களை மிரட்டப் பாவிக்கிற பழக்கம் எல்லாச் சபைகளிலும் இருக்கிறது. அங்கே கண்டிக்கப்பட்டது பந்தியில் பக்கத்தில் இருப்பவரை அவமதித்த குற்றம். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று அந்தப் பகுதியை முடிக்கிறார்.

அதனால், தங்கச்சி, உங்களை வரிசையில் விடாததை ஒரு பக்கம் வையுங்கள், சேலையைப் பிடித்து இழுத்ததை இன்னொரு பக்கம் வையுங்கள். முதலாவது நூற்றாண்டுகளாய் இழுபடும் வழக்கு. 1529இல் சீர்திருத்தச் சபைகளின் தலைவர்களான லூத்தரும் சுவிங்கிலியும் ஜெர்மனியின் மார்புர்க்கில் சந்தித்து, மற்ற எல்லாவற்றிலும் ஒத்துப்போய், நற்கருணையில் மட்டும் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். அதை உங்கள் வீட்டு விறாந்தையில் தீர்க்க முடியாது. இரண்டாவதை இந்த வாரமே தீர்க்கலாம்.

2019 உயிர்த்த ஞாயிறில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு மட்டக்களப்பில் சபை வேற்றுமையே போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். ஒன்றாய் அழுதோம், உண்மை. ஆனால் அந்தத் துயரத்தைக் காட்டி உங்களை வாயடைக்க நான் விரும்பவில்லை.

மச்சாளைப் பற்றி ஒன்று. அன்று அவர் தாயை இழந்து ஒரு மாதம். உங்களுக்கு மாமி, அவருக்கு அம்மா. எழும்பியது நீங்கள், பதறியது அவர். அவர் செய்தது சரியென்று சொல்ல வரவில்லை. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் இருக்கிறது. யார் பிழை என்று அந்த வசனம் விசாரிக்கவில்லை. முதல் நன்மைக்குச் சொல்லப் போகும் முதல் வீடு மச்சாளின் வீடாக இருக்கட்டும். போனில் சொல்லாதீர்கள். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு, "அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால இழுத்தது எனக்கு நொந்துபோச்சு மச்சாள்" என்று சொல்லிவிடுங்கள். மனதுக்குள் வைத்தால் அது பழுக்கும்.

மகள் கேட்பாள், அம்மா நீங்க ஏன் எடுக்கல்ல என்று. அப்பாவின் சபையும் அம்மாவின் சபையும் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் ஒத்துவரவில்லை, இரண்டு பேரும் அதற்காகச் செபிக்கிறோம் என்று சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

சில இடங்களில், நன்மை வாங்காதவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து வரிசையில் போனால் குரு ஆசீர்வாதம் கொடுப்பார். உங்கள் பங்கில் அந்த வழக்கம் உண்டா என்று ஃபாதரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். கணவரைத் தனியே அனுப்பாமல் நீங்களும் போங்கள். கேட்க வேண்டியது நீங்கள்தானே.