அந்தப் பாடகியும் சிறுமிதான்

கேள்வி: என் மகளுக்கு வயது பத்து. சின்ன வயதிலேயே புகழ் பெற்ற பாப் பாடகிகளைப் பார்த்து உடை, நடை, பேச்சு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்கிறாள். இவர்கள் பெண் குழந்தைகளுக்கு நல்ல முன்மாதிரிதானா?
- ஒரு வாசகி

பதில்: முன்மாதிரி இல்லை. அதற்காக அந்தப் பெண்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பதினைந்து வயதுப் பெண்ணுக்கே வழிகாட்ட ஆள் வேண்டும். அவளைக் கொண்டுபோய் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு வழிகாட்டியாக நிறுத்துவதுதான் தப்பு.

அமெரிக்கப் பாடகி மைலி சைரஸ் 2006-இல் தொடங்கிய 'ஹன்னா மொன்டானா' டிவி தொடரால் சிறுமிகளின் செல்லமானவர். 2008-இல், 15 வயதில், உடம்பை வெறும் துணியால் மட்டும் போர்த்தியபடி அவர் இருக்கும் படம் ஒரு பெரிய பத்திரிகையில் வந்தது. பெற்றோர்கள் கொதித்தார்கள். படம் எடுத்தவரும் பெரியவர், அச்சிட்டவர்களும் பெரியவர்கள். எடுத்தவர், தன் படம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார். ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டது அந்தப் பெண். பத்து வருடம் கழித்துத்தான், கேட்ட மன்னிப்பை அவர் திரும்பப் பெற்றார். பெரியவர்கள் செய்த வேலைக்குச் சிறுமி தலைகுனிய வேண்டும் என்ற பாடத்தை, இதைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகள் படித்தார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உடை அதற்கு அப்புறம்தான்.

பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் பாட்டு 1998-இல் வெளிவந்தபோது அவருக்கு 16 வயது. உலகமே அவரைப் போல உடுத்தியது. 2008 முதல் 2021 வரை நீதிமன்ற உத்தரவின்படி அவருடைய பணமும் வாழ்க்கையும் அடுத்தவர் கையில் இருந்தன. அதில் பெரும்பகுதி அப்பாவின் கையில். அந்தக் காலத்திலும் மேடை ஏறிச் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தார். இதையும் சேர்த்துச் சொல்லாமல் மினுமினுப்பை மட்டும் காட்டினால் குழந்தைக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

சரி, மகளை என்ன செய்வது? தடை போடாதீர்கள், ஒளித்துப் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். இந்தப் பாட்டை எழுதியது யார், இந்த உடையைத் தேர்ந்தெடுத்தது யார், பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். பத்து வயதுக்கு இதெல்லாம் நன்றாகவே புரியும். பாடகி பில்லி ஐலிஷ் 13 வயதில் இணையத்தில் ஏற்றிய பாட்டை எழுதியது அவருடைய அண்ணன். வீட்டுப் படுக்கையறையில்தான் பதிவு செய்தார்கள். குரல், பயிற்சி, பாட்டு உருவாகும் விதம் என்று குழந்தை எடுத்துக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பாட்டுப் பிடிக்கிறதா, உடை பிடிக்கிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாட்டு என்றால் உடனே கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பாடி வீடியோ போட வேண்டும் என்று அடம் பிடித்தால் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரும்பாலான தளங்களே 13 வயதுக்குக் கீழே கணக்கு தருவதில்லை. அதுவரை வீட்டில் உள்ளவர்கள் கேட்டால் போதும்.