கணவர் சொல்வது சரியா, கொழுந்தன் சொல்வது சரியா? நடுவில் 18,000 வெள்ளி

கேள்வி: ஐயா, வணக்கம். சிங்கப்பூரில் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு 50 வயது, மாதச் சம்பளம் 3,900 வெள்ளி. எனக்கு 47, சம்பளம் 2,900. பையனுக்கு 15, மகளுக்கு 10. மாமியார் (72) எங்களோடு இருக்கிறார். எல்லாரும் குடிமக்கள். கைக்கு வரும் பணத்தில் மாதம் 4,500 செலவாகிறது. வீட்டுக் கடன் 900 கணவரின் மசேநிதியிலிருந்து (சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதி) போகிறது. வங்கியில் 18,000 வெள்ளி இருக்கிறது.

2025 பிப்ரவரி பட்ஜெட்டிலிருந்து வீட்டில் ஒரே வாக்குவாதம். “ஒரு கையால் ஜிஎஸ்டியைப் பிடுங்கி, மறு கையால் பற்றுச்சீட்டு கொடுக்கிறார்கள், எல்லாம் தேர்தல் மிட்டாய்” என்பது கணவர் கட்சி. தெம்பனிசில் இருக்கும் கொழுந்தனோ, “எந்த நாட்டில் இப்படித் தருகிறார்கள்?” என்று கேட்கிறார். மே தேர்தலில் எதிர்க்கட்சிகள் நிறைய இடம் பிடித்தால் ஜிஎஸ்டி 9 விழுக்காட்டிலிருந்து 7க்கு இறங்கும் என்று சொல்லிக் கணவர் ஏர்கான் மாற்றுவதைக்கூட நிறுத்தி வைத்தார். படுக்கையறையில் தண்ணீர் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். கொழுந்தன் 4 விழுக்காடு வட்டி கிடைக்கும் என்று சொல்லி, அந்த 18,000ஐ ஓய்வுக்காலத்துக்கான என் மசேநிதி சிறப்புக் கணக்கில் போடச் சொல்கிறார். கணவர், “சட்டத்தை மாற்றிவிடுவார்கள், ஒரு காசு போடாதே” என்கிறார். அவருடைய கம்பெனியில் ஓவர்டைமையும் குறைத்துவிட்டார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் மட்டும்தான் இந்தச் சண்டை என்று நினைக்காதீர்கள். ஏப்ரலில் என்னிடம் கணக்குப் பார்க்க வந்தவர்களில் பலர் பாதி நேரம் அரசியல்தான் பேசினார்கள். ஒருவர் காப்புறுதிப் பத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, அரை மணி நேரம் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் வேட்பாளர்களைப் பற்றிச் சொன்னார். பத்திரத்தைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு நேரமே இல்லாமல் போனது.

முதலில் வாளியை எடுக்க வழி பார்ப்போம். ஏர்கானுக்கு என்ன விலை சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று அறைக்கு ஜிஎஸ்டி சேர்த்து 3,270 வெள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். வரி நீங்கலாக 3,000. வரி 7 விழுக்காடாக இருந்தால் 3,210 ஆகும். இத்தனை மாதம் தரை நனைந்தது 60 வெள்ளிக்காக! அதுவும் வரவே முடியாத 60 வெள்ளி. ஜிஎஸ்டியை 7க்குத் திருப்ப வேண்டும் என்று சொன்ன சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி நிறுத்தியது 13 வேட்பாளர்களை. அத்தியாவசியப் பொருள்களுக்கு வரி கூடாது என்ற பாட்டாளிக் கட்சி நிறுத்தியது 26 பேரை. நாடாளுமன்றத்தில் இருப்பதோ 97 இடம். 2025 மே 3 தேர்தலில் அந்த இரண்டு கட்சிகளும் நின்ற இடத்தில் எல்லாம் ஜெயித்திருந்தாலும் மறுநாள் காலை ஜிஎஸ்டி 9தான். இன்னொன்று, 1994இல் 3 விழுக்காட்டில் ஆரம்பித்த வரி இது. 4, 5, 7, 8, 9 என்று ஏறியிருக்கிறதே தவிர, ஒரு தடவைகூட இறங்கியதில்லை. குறைய வேண்டும் என்று கேட்பது வாக்காளரின் உரிமை. குறையும் என்று நம்பி வீட்டுச் செலவைத் தள்ளிப்போடுவது வேறு விஷயம்.

அந்த 60 வெள்ளியை விடப் பெரிய தொகை ஒன்று உங்கள் கைபேசியிலேயே கிடக்கலாம். வீவக வீடுகளுக்கு 400 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு உண்டு, 2024இல் 300, 2025 ஏப்ரலில் இன்னும் 100. மின்சிக்கனத்துக்கு ஐந்து டிக் போட்ட ஏர்கானுக்கு அதைப் பயன்படுத்தலாம். கடை அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கழித்தால் உங்கள் கையிலிருந்து போவது 2,870.

சரி, பற்றுச்சீட்டா வரியா என்ற சண்டைக்கு வருவோம். இதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால்தான் புரியும்.

வரவு: வீட்டுக்கு ஒன்றாக வரும் சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு 2025 மே மாதம் 500, 2026 ஜனவரியில் 300. நாட்டின் 60ஆம் ஆண்டுக்கான எஸ்ஜி60 பற்றுச்சீட்டு உங்கள் இருவருக்கும் தலா 600, மாமியாருக்கு 800. மொத்தம் 2,800. மகளுக்கு லைஃப்எஸ்ஜி என்ற அரசாங்கச் செயலியில் வரும் 500 வெள்ளி தனி. பையனின் எடியூசேவ் என்ற கல்விக் கணக்கில் விழும் 500ஐக் கொண்டு அரிசி வாங்க முடியாது, அதை விட்டுவிடுகிறேன்.

செலவு: உங்கள் 4,500இல் ஜிஎஸ்டி விழும் செலவு 3,000 இருக்கும் என்று வைப்போம். ஆண்டுக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கும் குறைவாக வியாபாரம் செய்யும் கடைகள் ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டியதில்லை. அதனால் உணவங்காடியில் பல கடைகளின் ரசீதில் அந்த வரி இருக்காது, விலையில் ஒளிந்திருக்கலாம். அந்த 3,000க்குள் வரி மட்டும் சுமார் 248 வெள்ளி. 7 விழுக்காடாக இருந்திருந்தால் 193. வித்தியாசம் மாதம் 55, ஆண்டுக்கு 660.

இப்போது பாருங்கள். 2,800ஐ 660ஆல் வகுத்தால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் வருகிறது. அதாவது, இரண்டு விழுக்காட்டு உயர்வால் நீங்கள் நாலு வருடம் கூடுதலாகக் கட்டுவதை இந்த ஒரு பட்ஜெட்டின் பற்றுச்சீட்டே ஈடுகட்டிவிடுகிறது. ஜிஎஸ்டி உயர்வை ஈடுகட்ட 2022இலிருந்து டிசம்பர்தோறும் வந்த உத்தரவாதத் தொகுப்பு ரொக்கத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. கொழுந்தன் சொல்வது இதைத்தான், அதில் தப்பில்லை.

ஆனால் பற்றுச்சீட்டு 2025 பட்ஜெட்டின் சமாசாரம். உத்தரவாதத் தொகுப்பு ரொக்கம் 2026 டிசம்பரோடு முடிகிறது. வரி அப்படியே இருக்கும். நிரந்தரமாக இருப்பது 2012இல் வந்த ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுத் திட்டம் மட்டும்தான். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு என்று கணக்கை நீட்டினால் கணவர் பேச்சில் உண்மை தெரியும். என்னைக் கேட்டால், பற்றுச்சீட்டைக் கொழுந்தன் மனசோடு வாங்கிக்கொள்ளுங்கள், குடும்ப பட்ஜெட்டைக் கணவர் மனசோடு போடுங்கள்.

தேர்தல் மிட்டாய் என்கிறாரே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006லும் 2011லும் தேர்தலுக்கு முன் தொகுப்புகள் வந்தன. 2011இல் ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு (மசெக) விழுந்தது 60.14 விழுக்காடு, அதற்கு முன் வாங்கியதைவிடக் குறைவு. 2025இல் 65.57, 2020இன் 61.24ஐவிட அதிகம். நீங்கள் இருக்கும் செங்காங்கைப் பாட்டாளிக் கட்சி மறுபடியும் தக்கவைத்தது, கொழுந்தன் இருக்கும் தெம்பனிசில் மசெக 52.02 விழுக்காட்டோடு கரையேறியது. மிட்டாய் ஒன்றுதான், ருசி ஊருக்கு ஊர் வேறாக இருந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் உங்கள் பற்றுச்சீட்டும் அவருடையதும் ஒரே தொகைதான், எந்தத் தொகுதி எப்படி வாக்களித்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பற்றுச்சீட்டை எப்படிச் செலவழிப்பது? இதில் நானே சறுக்கியிருக்கிறேன். முதல் தடவை சிடிசி வந்தபோது “சும்மா வந்த காசு” என்று குடும்பத்தோடு நண்டு சாப்பிட்டோம், அப்புறம் மிச்சமிருந்த 14 வெள்ளியை மறந்து காலாவதியாக விட்டேன். நீங்கள் வழக்கமாக வாங்கும் அரிசி, எண்ணெய், முட்டை, மீனுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதனால் மிஞ்சும் ரொக்கத்தை அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மே மாத சிடிசிக்குக் கெடு 2025 டிசம்பர் 31, எஸ்ஜி60க்கு 2026 டிசம்பர் 31. பாதி பேரங்காடிக்கு, பாதி உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும்.

அடுத்து, 18,000. கணவரின் பயம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. 55 வயதைத் தாண்டியவர்களின் சிறப்புக் கணக்கு 2025 ஜனவரியில் மூடப்பட்டது உண்மை. அதிலிருந்த பணம் முழு ஓய்வுக்காலத் தொகை என்ற வரம்பு வரை ஓய்வுக்காலக் கணக்குக்குப் போனது, மிச்சம் 2.5 விழுக்காடு தரும் சாதாரணக் கணக்குக்குப் போனது. பணம் எங்கும் காணாமல் போகவில்லை, ஆனால் விதி மாறியது. கொழுந்தன் சொல்லும் 4 விழுக்காடும் உண்மைதான். வரிக் கழிவு கிடைக்கும் என்றும் அவர் சொல்லியிருப்பார். அது அவர் சம்பளத்துக்குப் பொருந்தும். உங்கள் சம்பளத்தில் மசேநிதி, பிள்ளைகள், மாமியார் என்று கழிவுகளை எல்லாம் எடுத்தால் இருவருக்குமே வருமான வரி கிட்டத்தட்ட பூஜ்யம். இல்லாத வரியில் என்ன கழிவு?

என் கேள்வி வேறு. ஓவர்டைம் குறைந்த கம்பெனியில் கணவருக்கு நாளைக்கு வேலை போனால்? உங்கள் கைக்கு வருவது 2,320. செலவு 4,500. மாதம் 2,180 துண்டு விழும், ஆறு மாதத்துக்கு 13,080. மசேநிதி சந்தா நின்றுவிடுவதால் வீட்டுக் கடனுக்கு 5,400 கையிலிருந்து போகலாம், அவருடைய சாதாரணக் கணக்கில் இருப்பு இருந்தால் இது குறையும். பாட்டாளிக் கட்சி பல ஆண்டுகளாக வேலையிழப்புக் காப்புறுதி கேட்டு வந்தது. அரசாங்கம் வேறு வடிவில், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவு என்று 2025 ஏப்ரலில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 5,000 வெள்ளி வரை சம்பாதித்தவர் தன் விருப்பமின்றி வேலை இழந்தால், வேலை தேடும் முயற்சிகளைக் காட்டினால், முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, 1,000, அப்புறம் மூன்று மாதம் 750. ஆக மொத்தம் 6,000. அதைக் கழித்தால் உங்களுக்குத் தேவை 12,480.

18,000இல் 12,480ஐத் தொடக் கூடாது. மிஞ்சுவது 5,520. அதனால்தான் உங்கள் சிறப்புக் கணக்கு இப்போது வேண்டாம் என்கிறேன். போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது, 55 வயதிலும் மொத்தமாக எடுக்க முடியாது, ஓய்வுக்காலத்தில் மாதாமாதம்தான் வரும். அந்த 12,480இல் ஒரு பகுதியைச் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தில் வைக்கலாம். குறைந்தது 500 வெள்ளி, எந்த மாதமும் அபராதமில்லாமல் திரும்ப எடுக்கலாம், ஒரு பரிவர்த்தனைக்கு 2 வெள்ளி கட்டணம். மூன்று மாதச் செலவாவது வங்கியிலேயே இருக்கட்டும்.

ஏர்கானுக்கு 2,870 போக 2,650 மிச்சம். இங்கேதான் இருவரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது, உங்கள் மாமியார்.

மசேநிதியில் ‘ஈடான ஓய்வுக்காலச் சேமிப்பு’ என்று ஒரு திட்டம். ஓய்வுக்காலக் கணக்கில் அடிப்படை ஓய்வுக்காலத் தொகை என்ற வரம்புக்கும் குறைவாக வைத்திருக்கும் 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு யாராவது ரொக்கம் போட்டால், அரசாங்கம் அதே தொகையைப் போடும். முன்பு ஆண்டுக்கு 600 வரைதான், 70 வயதோடு நின்றுவிடும். 2025 ஜனவரியிலிருந்து ஆண்டுக்கு 2,000, வாழ்நாளில் 20,000 வரை, மேல் வயது வரம்பே இல்லை. வருமானம், வீட்டின் ஆண்டு மதிப்பு, ஒரு சொத்துக்கு மேல் இல்லாமை என்று சில நிபந்தனைகள் உண்டு. அத்தை நீண்டகாலம் வீட்டோடு இருந்தவர் என்றால் பெரும்பாலும் தகுதி பெறுவார், மசேநிதிக் கழகம் தானாகவே பார்த்துச் சொல்லும், அவருடைய சிங்பாசில் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) நுழைந்தால் தெரிந்துவிடும். 2,000 போட்டால் 4,000. நாலு விழுக்காட்டுக்கு இவ்வளவு சண்டை போட்டீர்களே, இது முதல் நாளிலேயே இரட்டிப்பு! அந்தப் பணத்தையும் மொத்தமாக எடுக்க முடியாது, மாதாமாதம் அவருக்கு வரும் தொகையில் சேரும். டிசம்பர் 31க்குள் போட்டால் ஈடு அடுத்த ஆண்டு தொடக்கத்தில் வரும். 2,000 கனமாகத் தெரிந்தால் 1,000 போடுங்கள், 1,000 வரும். ஓவர்டைம் இன்னும் குறையுமா என்று பார்த்து நவம்பரில்கூட முடிவு செய்யலாம், அவசரமில்லை.

போடும் ஆள் உங்கள் கணவராகவும் இருக்கலாம், கொழுந்தனாகவும் இருக்கலாம், அவருக்கும் அம்மாதானே. ஆளுக்கு 1,000 என்று கேட்டுப் பாருங்கள்.

மாமியாரின் எஸ்ஜி60 2025 ஜூலை 1 முதலே திறந்துவிட்டது, உங்கள் இருவருக்கும் ஜூலை 22. அவரிடம் கைபேசி இல்லையென்றால் சமூக மன்றத்துக்கு அடையாள அட்டையோடு அழைத்துப் போங்கள், காகிதத்தில் அச்சடித்துத் தருவார்கள். ஒரு சங்கதி, அது அவர் பெயரில் வரும் 800. மளிகைக் கணக்கில் நான் சேர்த்தது உங்கள் வசதிக்கு. அவருக்கு வேறு ஆசை ஏதும் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.