முகாமுக்கு மறுநாள் யார் பார்ப்பார்கள்?

அன்புள்ள டாக்டர்,

நாங்கள் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள். மருத்துவ வசதி எட்டாத ஒரு குடியிருப்பில் ஒரு நாள் இலவச முகாம் நடத்த நினைக்கிறோம். இரண்டு டாக்டர்கள் வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, சேர்த்து வைத்திருக்கும் சாம்பிள் மாத்திரைகளைக் கொடுப்பதாகத் திட்டம். ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம்? வேறென்ன கவனிக்க வேண்டும்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எண்ணிக்கையைக் கடைசியில் முடிவு செய்யலாம். அன்று ரத்த அழுத்தம் 180/110 காட்டும் ஒருவரை மறுநாள் யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தேதி குறிக்கும் முன்பே பக்கத்திலுள்ள மருத்துவ நிலையத்துக்குப் போய்ப் பேசுங்கள். புறநோயாளிகளை எந்தெந்த நாளில் பார்க்கிறார்கள், எந்த மாத்திரைகள் எப்போதும் இருப்பில் இருக்கும், வாரத்துக்குப் புதிதாக எத்தனை பேரை ஏற்க முடியும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களால் ஏற்க முடியாத அளவுக்கு நோயாளிகளைக் கண்டுபிடித்துவிட்டுக் கிளம்புவது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

சாம்பிள் மாத்திரைகளைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். அழுத்தத்துக்கான மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிடும், அதே மருந்து பிறகு கிடைக்காது. மாத்திரை முடிந்ததும் நோயும் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை வழிகாட்டுதலும் இலவச சாம்பிள்களை ஏற்பதில்லை. அந்த நிலையத்தில் இருக்கும் மருந்தையே, அங்கே முதல்முறை போகும் நாள் வரைக்கும் மட்டும் கொடுங்கள். கொடுத்ததும், எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

முகாம்களில் அதிகம் பிசகுவது ரத்த அழுத்தம் பார்ப்பதில்தான். வரிசையில் நின்றவரை உட்காரவைத்த கையோடு பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகவே வரும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும். கை இதய உயரத்தில் தாங்கியிருக்க வேண்டும், சட்டைக் கைக்கு மேல் பட்டை கட்டக் கூடாது. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் இல்லாத அழுத்தம் தெரியும், ஆகவே மூன்று அளவுகளில் வைத்திருங்கள். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். ஒரே நாளில் 140/90 வந்ததை வைத்து நோய்ப் பெயர் எழுதாதீர்கள். சீட்டில் எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

180/120 வந்து, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் செயலிழப்பு, பார்வை மங்கல் என ஏதாவது ஒன்று இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு வண்டி நாள் முழுக்கத் தயாராக நிற்கட்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றால் பதற்றத்தில் நாக்குக்கடியில் நிஃபெடிபின் என்ற அழுத்தம் குறைக்கும் மருந்தை வைக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்து பக்கவாதமோ மாரடைப்போ வரலாம்.

சர்க்கரை பார்க்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலே எண் எகிறும். குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று, ஒரு முறை மட்டும். ஊசியை மாற்றினாலும் பேனா வடிவக் கருவியைப் பலருக்குப் பொதுவாக வைக்கக் கூடாது. ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். கூர்முனைக் கழிவுப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வருகிறேன். புதிய நோயாளிக்கு ஒரு டாக்டருக்குப் பன்னிரண்டு நிமிடமாவது வேண்டும். இரண்டு டாக்டர்கள் ஐந்து மணிநேரம் பார்த்தால் ஐம்பது பேர். அதற்கு மேல் டோக்கன் கொடுக்காதீர்கள். மொழி தெரியாத இடமென்றால் இன்னும் குறையும். நோயாளியின் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அவர்கள் முன்னால் சொல்ல முடியாத உபாதைகள் உண்டு.

கல்லூரி மருத்துவமனையில் தனியாகச் செய்ய உங்களுக்கு அனுமதியில்லாத எதையும் அங்கே செய்யாதீர்கள். தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்று பிரிட்டிஷ் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதினார். அரைகுறைப் பயிற்சியோடு போய் அதை நாமே மெய்ப்பிக்க வேண்டாம்.

நோயாளியை நிலையத்துக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டை இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை நோயாளியிடம் கொடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டும் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மற்றப் பிரதிகளோடு நிலையத்துக்குப் போய், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பாருங்கள். வராதவர்களிடம் காரணம் கேளுங்கள். பயணச் செலவா, அன்றைய கூலி போய்விடும் என்ற பயமா, கையில் ஆவணம் இல்லாததா? அடுத்த முகாமுக்குத் தேதி குறிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.