எக்ஸ் போட்ட வீடுகள்

அன்புள்ள அம்மா,

நான் மும்பை செம்பூரில் இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்குள்ள ஒரு சேவைச் சங்கத்தில் சேர்ந்தேன், மூன்று வருடங்களாகச் செயலாளர். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். போன தீபாவளிக்கு முன் தாராவியில் விழா வைத்து பன்னிரண்டு பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போய் விசாரித்தால், ஐந்து பேர் விற்றுவிட்டார்கள். இன்னொருவர் வீட்டில் மெஷின் மேல் பாத்திரம் அடுக்கியிருந்தது. கூட்டத்தில் இதைச் சொன்னதும், "இந்த ஜனங்களுக்குச் செய்து பிரயோஜனமில்லை, அந்தப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குக் கொடுக்கலாம்" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் ஏமாந்துவிட்டோமா? நீங்கள் தாராவியில் வளர்ந்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், செம்பூர்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஏமாறவில்லை. அந்த ஐந்து பேரும் உங்களை ஏமாற்றவும் இல்லை. கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் சித்தியின் ஞாபகம்தான் வந்தது.

சித்திக்கும் இப்படி ஒரு மெஷின் கிடைத்தது. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மேடையில் ஏற்றி, பொட்டு வைத்து, பெரிய மனிதர்களுக்கு நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நானும் அண்ணனும் அதைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். வீடு பத்துக்குப் பத்து, படுப்பதற்கு ஐந்து பேர். மெஷின் வந்த அன்றிலிருந்து சித்தப்பாவின் படுக்கை வாசலுக்குப் போனது.

அது காலால் மிதிக்கிற மெஷின். தாராவியில் தையல் வேலை நடக்கிற விதமே வேறு. ஆர்டர் கார்கானா என்கிற தையல் பட்டறைக்குத்தான் வரும். தகர ஏணி ஏறிப் போனால் மேலே பத்துப் பதினைந்து ஜூக்கி மெஷின் கரண்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் காலர் மட்டும் தைப்பார், அடுத்தவர் கை மட்டும், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வேகத்துக்கு வீட்டில் உட்கார்ந்து மிதிக்கிற பெண்ணால் ஈடுகொடுக்க முடியாது. அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைக்கலாம் என்றால், எங்கள் சந்திலேயே ஏற்கெனவே மூன்று பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு வீட்டுக்கு வருகிற வேலை தாகா கட்டிங்தான். தைத்த சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள், நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் வெட்டிக் கொடுக்க வேண்டும். அதற்கு மெஷின் வேண்டாம், கத்தரி போதும்.

சித்தி எட்டு மாதம் வைத்திருந்தாள். தன் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது விற்றாள். அந்தப் பணத்தில் வைத்தியம் நடந்தது, பையன் பிழைத்தான். ஆனால் அதற்கப்புறம் சங்கத்துக்காரர் யாராவது தெருவில் வந்தால் சித்தி வீட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வாள். பிள்ளையைக் காப்பாற்றியவள் எதற்கு ஒளிய வேண்டும்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. அவர்களில் ஒருவராவது வீட்டுக்கு வந்து, "என்னம்மா, வேலை கிடைக்கிறதா?" என்று கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பாள். கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருந்தால் இன்னும் நல்லது. யாரும் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்து, பார்த்ததை மறைக்காமல் கூட்டத்தில் சொன்னீர்கள். உங்கள் சங்கம் இந்த வருடம் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

உங்கள் மூத்த உறுப்பினருக்குப் போலியோ கதையைச் சொல்லுங்கள். ரோட்டரி சங்கங்கள் அந்த வேலையைக் கையில் எடுத்தது 1985-ல். 2009-ல்கூட இந்தியாவில் 741 பேருக்கு போலியோ வந்தது. கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 13 ஜனவரி 2011 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 27 மார்ச் 2014-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்று சான்று கொடுத்தது. இது ஒரு சங்கத்தின் சாதனை இல்லை. அரசாங்கமும் யுனிசெஃபும் வீடு வீடாக நடந்த லட்சக்கணக்கான பணியாளர்களும் சேர்ந்து செய்தது. அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஞாயிற்றுக்கிழமை பூத் வைத்ததோடு வேலை முடியவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஒவ்வொரு கதவையும் தட்டினார்கள். சொட்டு மருந்து குடித்த குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாகிவிட்டால் சுவரில் பி என்று எழுதினார்கள். ஒரு குழந்தை ஊருக்குப் போயிருந்தாலோ, தூங்கினாலோ, வேண்டாம் என்று பாட்டி கதவைச் சாத்தினாலோ எக்ஸ் போட்டார்கள். எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடி போனார்கள், தேவைப்பட்டால் அதற்கு அப்புறமும் போனார்கள். இந்த ஜனங்களுக்குச் செய்து பிரயோஜனமில்லை என்று அந்த வீடுகளை விட்டிருந்தால் போலியோ இன்னும் இங்கேதான் இருந்திருக்கும்.

மெஷினை விற்ற ஐந்து வீடும், பாத்திரம் அடுக்கிய வீடும் உங்கள் எக்ஸ் வீடுகள். மறுபடி போங்கள். மெஷின் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது என்ன வேலை செய்கிறார்கள், அதில் எது தடையாக இருக்கிறது என்று கேளுங்கள்.

என்ன பதில் வரும் என்பதில் எனக்கு ஒரு ஊகம் இருக்கிறது. நாற்பது வயது தாண்டிய பெண்ணாக இருந்தால் முதலில் கண்ணைத்தான் சொல்வாள். வெள்ளெழுத்து வந்துவிட்டால், அதாவது வயதாகிக் கிட்டத்தில் இருப்பது மங்கிவிட்டால், தாகா கட்டிங்கில் வெள்ளைச் சட்டையில் வெள்ளை நூல் தெரியாது. தவறுதலாகத் துணியை வெட்டினால் கூலியில் பிடிப்பார்கள். சித்தி நாற்பத்தைந்தில் அந்த வேலையை விட்டது உடம்பு முடியாமல் இல்லை, நூல் தெரியாமல்தான். கண் முகாம்களுக்குப் போனாள். புரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றதும் அனுப்பிவிட்டார்கள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு சாதாரணக் கண்ணாடி யாரும் கொடுக்கவில்லை.

அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது தாண்டிய தொழிலாளர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. பாதிப் பேருக்கு முதலிலேயே கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்தபின். முதலில் வாங்கியவர்கள் நாளுக்குப் பறிக்கிற அளவு, மற்றவர்களுக்குக் கூடியதைவிட 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் அதிகமாகக் கூடியது. கண்ணாடி ஒன்றுதான் வித்தியாசம். 1925-ல் பார்வையற்ற எழுத்தாளர் ஹெலன் கெல்லர் லயன்ஸ் சங்கங்களின் மாநாட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டதிலிருந்து பார்வைக்கான வேலை அந்தச் சங்கங்களின் கையில் இருக்கிறது. ஆக, உங்களைப் போன்ற சங்கங்களுக்கு இது புது வேலையும் இல்லை.

ஒரு மெஷின் விலையில் எத்தனை கண்ணாடி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், வங்கிக்காரர் உங்களுக்குத் தெரியாததா! ஆனால் மொத்தமாக வாங்கி அள்ளிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் பவர் பார்க்க வேண்டும். கண் பார்க்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் கண்ணில் வேறு கோளாறு இருந்தாலும் தெரிந்துவிடும். வயது ஏற ஏற வெள்ளெழுத்தின் பவரும் கூடும், அதனால் இரண்டு மூன்று வருடத்தில் அதே ஆட்களை மறுபடி பார்த்தே ஆக வேண்டும். பெயர், சந்து, பவர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மேடை வேண்டாம். படமும் வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றால் அந்த நோட்டைக் காட்டலாம். காலை பத்து மணிக்கும் வைக்காதீர்கள். குழாயில் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவர்கள் மூட்டையைப் பிரிக்கிற நேரம் அது. சாயங்காலம் வாருங்கள். சந்துக்குள் யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்து பார்க்கலாம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லுங்கள், நானும் வருகிறேன். 90 அடி சாலையில் காமராஜர் பள்ளிப் பக்கம் நிற்பேன். மூத்த உறுப்பினரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், சித்தியைப் பார்க்கட்டும். எழுத்துப் பலகை வேண்டாம், நிறையப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நாலைந்து தையல் ஊசியும், ஒரு கண்டு கறுப்பு நூலும், ஒரு கண்டு வெள்ளை நூலும் கொண்டுவாருங்கள். கண்ணாடியைப் போட்டு அவர்களே ஊசியில் நூல் கோத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்